பந்து எங்கே என்று சொல்கிறவள்

மேவ் ஹாலரன் ஆசைப்பட்டு கோல்கீப்பர் ஆனவள் அல்ல. பன்னிரண்டு வயதில், எங்கள் ஏரிக்கரைப் பள்ளியில், வலை கட்டிய மட்டையால் பந்தை ஏந்தி எறிந்து ஆடும் லக்ராஸ் அணியில் கோலுக்கு முன்னால் நிற்க யாருமே ஒப்புக்கொள்ளவில்லை. நெஞ்சுக்கவசத்தையும் ஹெல்மெட்டையும் தூக்கிக்கொண்டு வந்த ஆசிரியை பெண்களின் வரிசையைப் பார்த்தாள். எல்லோரும் குனிந்து ஷூ கயிற்றைச் சரி செய்துகொண்டிருந்தார்கள். மேவ் மட்டும் ஒரு கணம் தாமதித்துவிட்டாள். ஆசிரியையின் கண்ணில் அவள் கண் பட்டுவிட்டது. அவ்வளவுதான். அன்று போட்டுக்கொண்ட கவசத்தை, வெதர்பி கல்லூரியில் நான்காம் ஆண்டு முடியும்வரை அவள் கழற்றவில்லை.

கோலில் நிற்கிறவளுக்கு ஓட்டம் குறைவு, வாய் அதிகம். பந்து எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு நொடியும் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவளுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டப் பெண்கள் ஏழு பேரும் தங்கள் எதிராளியின் இடுப்பிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்கள். பந்தைப் பார்ப்பது அவர்கள் வேலை அல்ல. பந்தைக் கேட்பதுதான் வேலை. "நடு! நடு! இடது! இடது! பின்னாடி, பின்னாடி!" என்று மேவ் கத்த, ஏழு பேரும் ஒரே உடம்பாக நகர்வார்கள்.

அந்த இடதும் வலதும் மேவினுடையவை. மைதானத்தைப் பார்த்து அவள் நிற்கும்போது அவளுடைய வலக்கை எந்தப் பக்கமோ அதுதான் எல்லோருக்கும் வலது. பந்து கோலுக்குப் பின்னால் போகலாம், ஆட்டம் அங்கேயும் நடக்கும், அவளே கூடத் திரும்பி நின்று பார்க்கலாம். அப்போதும் அந்த வலது மாறாது. இது முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படும் விஷயம். ஆனாலும் திரும்பி நிற்கிறவளின் வாய் தன் கையைத்தான் நம்பும். மேவின் வாய் மட்டும் ஒருநாளும் தப்பியதில்லை.

வீட்டிலும் அவளுக்கு அதே வேலைதான். அம்மா நோரீனுக்குக் கண் போய் நான்கு வருடம். தயிர்த் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் டப்பாக்களுக்கு மூடி போட்டவள். சர்க்கரை நோய் விழித்திரைக்குள் ரத்தத்தை இறக்கியது. முதலில் ஒரு கண், எட்டு மாதத்தில் மற்றொன்று. அப்பா அதற்கு முன்பே ஃபுளோரிடாவுக்குப் போயிருந்தார். அங்கே பனி இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

காலை ஆறு மணிக்கு மேவ் எழுந்து அம்மாவின் சர்க்கரை எண்ணைப் படிப்பாள். ஊசி மருந்தின் அளவைப் படிப்பாள். தட்டை வைத்துவிட்டு, கடிகார முள் கணக்கில் சொல்வாள்.

"முட்டை பன்னெண்டு மணில. உருளை மூணுல. ரொட்டி ஒன்பதுல. காபி தட்டுக்கு வெளிய, ரெண்டு மணிப் பக்கம். சூடு."

"நாப்கின்?"

"மடில வச்சிருக்கேன்மா."

பிறகு இருபத்தைந்து நிமிடம் கார் ஓட்டிக் கல்லூரி. வகுப்பு. மாலைப் பயிற்சியில் இருநூறு பந்து. அணியின் இரண்டாவது கோல்கீப்பர் பிப்ரவரியிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து ஊன்றுகோலில் நடந்துகொண்டிருந்ததால், அந்த இருநூறும் மேவுக்கே. கட்டி ரப்பர் பந்து. கவசம் மறைக்காத இடமாகப் பார்த்து அடிக்கும். அவளுடைய மேற்கைகளில் ஊதா, பச்சை, மஞ்சள் என்று காயங்கள் வயதுவாரியாக இருக்கும். அதன் பிறகு திரும்ப இருபத்தைந்து நிமிடம், அம்மாவுக்கு வந்த கடிதங்களைப் படிப்பது, மாத்திரை டப்பாவை நிரப்புவது. படுக்கும்போது அவள் யோசிப்பது ஒன்றே ஒன்றுதான். நாளைக்கு எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்ல வேண்டாத ஒரு மணி நேரம் கிடைக்குமா?

நோரீன் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. பக்கத்து வீட்டு வெர்ன் தன் பழைய பிக்கப் வண்டியில் அழைத்து வருவார். வெர்ன் முப்பது வருடம் பனி வாரும் லாரி ஓட்டியவர். அந்த இன்ஜின் அவர் காதைத் தின்றுவிட்டது. கண் தெரியாதவளும் காது கேட்காதவரும் கம்பளியை முழங்காலில் போட்டுக்கொண்டு மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் இப்போது சிரிப்பதில்லை, பழகிவிட்டது. ஆட்டத்தின் ஒவ்வொரு கால் பகுதிக்கும் அணிகள் பக்கம் மாறும்போது, வெர்ன் எழுந்து இரண்டு நாற்காலிகளையும் மேவின் கோல் இருக்கும் முனைக்குத் தூக்கிக்கொண்டு நடப்பார். நோரீன் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். ஏனென்றால் நோரீனுக்கு ஆட்டம் என்பது மேவின் குரல்தான். மகள் "இடது" என்றால் அவள் தலை இடப்பக்கம் திரும்பும். "பின்னாடி" என்றால் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அருகில் இருக்கும் பெற்றோருக்குத் தெரிவதற்கு ஒரு நொடி முன்பே கோல் விழுந்ததா தடுத்தாளா என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"நீ என்ன பாத்த, சொல்லு வெர்ன்," என்று வேண்டுமென்றே அவர் காதருகே கத்திக் கேட்பாள்.

"வலை கட்டின குச்சியத் தூக்கிட்டு ஓடுறாளுங்க. ஒருத்தி விழுந்தா. வேற என்ன பாக்கறது?"

"உனக்குக் கண்ணு குடுத்தது சுத்த வேஸ்ட்டு."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், மார்ச் கடைசியில் மேவின் குரல் உடைந்தது. முதலில் கரகரப்பு. பிறகு காலை நேரங்களில் சத்தமே வராது. கோச் பட்டலியாதான் அவளை நகரத்துக்குத் தொண்டை டாக்டரிடம் அனுப்பினாள். டாக்டர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார்.

"கையில காய்ப்பு காய்க்குமே, அந்த மாதிரி உன் குரல் நாண்ல ரெண்டு பக்கமும் காய்ச்சிருக்கும்மா. ஆறு வாரம் ஒரு வார்த்தை கூடாது. குசுகுசுன்னு பேசறது இன்னும் மோசம், அதுவும் கூடாது."

இல்லாவிட்டால் என்ன என்று மேவ் கண்ணாலேயே கேட்டாள்.

"இல்லேன்னா கத்திதான். வெட்டி எடுத்ததுக்கு அப்புறம் என்ன குரல் திரும்பி வரும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. திரும்பியே வராமலும் போகலாம்."

அவள் ஒரு காகிதத்தில், கோலில் நிற்கலாமா என்று எழுதிக் காட்டினாள்.

"தாராளமா நில்லு. வாயை மூடிக்கிட்டு நில்லு."

காரில் வந்து உட்கார்ந்ததும் மேவுக்கு அழுகை பீறிட்டது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். பாவம், துக்கம் என்றுதான் அவளும் நினைத்தாள். கண்ணைத் துடைத்து வண்டியைக் கிளப்பிப் பாதி தூரம் வந்த பிறகுதான், அது துக்கம் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. ஆறு வாரம். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டாம். பெற்ற தாய்க்குக்கூட. அந்த நினைப்பின் இனிப்பு நாக்கில் பட்டதும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

வீட்டில் மேஜையைத் தட்டுவது என்று ஏற்பாடாயிற்று. ஒரு தட்டு, ஆமாம். இரண்டு தட்டு, இல்லை. கடிதங்களை வெர்ன் வந்து படித்தார். தெருவுக்கே கேட்கும்படி படித்தார். தட்டில் எது எங்கே என்பதை நோரீன் விரலை விட்டே கண்டுபிடித்தாள். முதல் நாள் சட்டையெல்லாம் குழம்பு.

"வீட்டுக்குள்ள மரங்கொத்தி பூந்த மாதிரி இருக்கு," என்றாள் நோரீன். "பெத்த பொண்ணு இருக்காளா போயிட்டாளான்னே தெரியல. மேவ், இருக்கியா?"

ஒரு தட்டு.

"எங்க இருக்க?"

அதற்கு என்ன தட்டுவது? மேவ் எழுந்து போய் அம்மாவின் தோளைத் தொட்டாள்.

மைதானத்தில், பந்தின் இடத்தைச் சொல்லும் வேலை ஷெல்பிக்கு வந்தது. ஷெல்பி தடுப்பாட்டத்தின் நடுவில் நிற்பவள். மூன்று வருடமாக மேவின் நெருங்கிய தோழி. தொண்டையில் மணி கட்டியவள் போல எப்போதும் பேசிக்கொண்டிருப்பவள்.

"மூணு வருஷமா என்னை எருமை, எருமைன்னு திட்டினல்ல?" என்று முதல் நாளே அவள் மேவின் ஹெல்மெட்டை மட்டையால் தட்டினாள். "இப்ப நான் திட்டுவேன். நீ ஒரு வார்த்தை பேச முடியாது. கடவுள் இருக்காருடி!"

மேவ் கையுறையைக் கழற்றி ஒரு சைகை காட்டினாள். அதை இங்கே எழுத முடியாது.

ஆனால் ஷெல்பிக்கு அந்த ஒரு தவறு வந்துகொண்டே இருந்தது. பந்து முன்னால் இருக்கும்வரை சரியாகத்தான் சொல்வாள். பந்து கோலுக்குப் பின்னால் போய், அவளும் திரும்பி நின்றால், அவளுடைய இடதும் வலதும் கூடவே திரும்பிவிடும். "இடது!" என்பாள். கோலை ஒட்டி நிற்கும் ஐரிஸும் மற்ற தடுப்பாட்டப் பெண்களும் மேவின் இடதுக்குப் பாய்வார்கள். பந்து மறுபக்கத்திலிருந்து சாவகாசமாக வெளியே வந்து கோலுக்குள் போகும். பயிற்சியில் கோச் பட்டலியா விசிலைத் துப்பிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஷெல்பி, யாரோட இடதும்மா அது?"

"என்னோடது கோச்."

"உன்னோடதை யாரு கேட்டா?"

முதல் மூன்று வாரத்தில் இரண்டு ஆட்டம். ஒன்றில் ஜெயித்தார்கள், எதிரணி அத்தனை மோசம். மற்றதில் தோற்றார்கள். இரண்டுக்கும் நோரீன் வந்தாள். ஏரிக்காற்று முகத்தில் அறைய, கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். ஷெல்பியின் குரல் அவளுக்கு முழுதாக எட்டவில்லை, எட்டியதும் பிடிபடவில்லை. வெர்ன் நாற்காலியைத் தூக்கியபோது, "எங்க வச்சா என்ன, விடு," என்றாள்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் மதியம், சமையலறை மேஜையில் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் ரிட்ஜ்மோர் கல்லூரியுடன் ஆட்டம். ஜெயித்தால் லீகின் கடைசிச் சுற்றில் இடம். தோற்றால் மேவின் லக்ராஸ் அன்றோடு சரி.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் நோரீன்.

ஒரு தட்டு.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீயே சொல்லேன்."

மேவின் கை மேஜைமேல் அப்படியே நின்றது.

"நாலு கால் பகுதியும் வேண்டாம். கடைசி ஒண்ணு. கடைசி ஒண்ணு மட்டும். டாக்டருங்க எப்பவும் கூட்டித்தான் சொல்வாங்க, எனக்குத் தெரியாதா? அப்புறம் நீயும் விளையாடப் போறதில்ல, நானும் அங்க வந்து உக்காரப் போறதில்ல. என் சினிமா, டிவி எல்லாம் அது ஒண்ணுதாண்டி. நீ கத்தும்போது மைதானம் முழுக்க எனக்குத் தெரியும். புல்லு தெரியும். பொண்ணுங்க ஓடறது தெரியும். நீ சும்மா நின்னா, என்னை யாரோ செவுத்தப் பாத்து உக்கார வச்சுட்டுப் போன மாதிரி இருக்கு."

இரண்டு தட்டு.

"சரி," என்றாள் நோரீன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "சரி," என்றாள். பிறகு அந்தத் தாய் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னாள்.

"உனக்கு இது நிம்மதியா இருக்கு. அப்படித்தானே? நான் குருடி. ஆனா உன் மூச்சு எனக்குக் கேக்குது. இந்த மூணு வாரமா நீ நல்லாத் தூங்கற."

மேவ் தட்டவில்லை. ஒன்றும் தட்டவில்லை, இரண்டும் தட்டவில்லை. எழுந்து போய், குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவினாள். அவள் முதுகு குலுங்கியது. அது அம்மாவுக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் ஏப்ரல் சனிக்கிழமை. காலையில் பெய்த பனித்தூறல் மைதானத்தின் ஓரங்களில் அழுக்குச் சர்க்கரை போலக் கிடந்தது. கோச் பட்டலியா மேவின் தோளைப் பிடித்து, "நான் உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன்," என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கேட்காமல் இருப்பது அவளுக்கு எத்தனை கஷ்டமாக இருக்கிறது என்பது அந்தக் கண்ணிலேயே இருந்தது.

முதல் மூன்று கால் பகுதிகளும் மேவ் ஊமையாகவே நின்றாள். பதினோரு பந்துகளைத் தடுத்தாள். ஒன்பது உள்ளே போயிற்று. அதில் மூன்று, ஷெல்பியின் இடது வலது. மூன்றாவது முறை அது நடந்தபோது, பக்கத்துப் பெற்றோர் முனகியதை வைத்தே புரிந்துகொண்டு நோரீன் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"அடியே பொண்ணு! அது வலது! மேவோட வலது!"

"நீங்களே வந்து நில்லுங்களேன் ஆண்ட்டி!" என்று ஷெல்பி அழாக்குறையாகத் திரும்பிக் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். மேவ் சிரிக்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் ஈயம் ஊற்றியது போலிருந்தது.

கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது ஒன்பதுக்கு ஒன்பது. வெர்ன் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து மேவின் கோலுக்கு இருபது அடி தள்ளி, எல்லைக் கயிற்றை ஒட்டிப் போட்டார். நோரீன் உட்கார்ந்து, காதை மறைத்திருந்த கம்பளிக் குல்லாயை மேலே ஏற்றிக்கொண்டாள்.

ஏழு நிமிடம் போயிற்று. ரிட்ஜ்மோரின் உயரமான பெண் ஒருத்தி பந்தோடு கோலுக்குப் பின்னால் போனாள். ஷெல்பி திரும்பினாள். "இடது!" என்றாள். ஐரிஸ் பாய்ந்தாள், தவறான பக்கம். மேவ் பார்த்தாள். கோலின் வலது முனை திறந்த கதவாகக் கிடந்தது. அந்தக் கணம் அவள் எதையும் தீர்மானிக்கவில்லை. பத்து வருடப் பழக்கம், அது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

"வலது! ஐரிஸ், வலது! திரும்பு!"

மைதானமே ஒரு நொடி திடுக்கிட்டது. மறு நொடி, அந்த ஏழு பெண்களும் ஒரே உடம்பாக நகர்ந்தார்கள். ஐரிஸின் மட்டை எதிராளியின் மட்டையில் விழுந்தது. பந்து தெறித்தது. ஷெல்பி அதை அள்ளிக்கொண்டு, "ஐயோ மேவ்! ஐயோ மேவ்!" என்று கத்தியபடியே ஓடினாள்.

நோரீன் இரண்டு கைகளையும் தட்டினாள். "கேட்டியா வெர்ன்? கேட்டியா? அவதான்! அது என் பொண்ணுதான்!"

"கேக்கல," என்றார் வெர்ன். மேவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா கழுத்து நரம்பு தெரியுது. கயிறு மாதிரி நிக்குது."

ஒருமுறை திறந்த கதவை மேவால் மூட முடியவில்லை. ரிட்ஜ்மோர் திரும்பி வந்தபோது அவளே சொன்னாள். நடு, இடது, இடது, பின்னாடி. பெண்கள் அந்தக் குரலைத் தண்ணீர் குடிப்பது போலக் குடித்தார்கள். எத்தனை முயன்றும் எதிரணிக்கு வழி கிடைக்கவில்லை. கோச் பட்டலியா மைதானக் கோட்டின் ஓரத்தில் முஷ்டியை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நிறுத்து என்று சொல்ல அவள் வாய் இரண்டு முறை திறந்தது. இரண்டு முறையும் மூடிக்கொண்டது.

ஐந்து நிமிடம் மீதி. நோரீனின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல நின்றது.

மற்றவர்களுக்குக் கேட்டது கரகரத்த ஒரு குரல். அவ்வளவுதான். ஆனால் நோரீன் நான்கு வருடமாக அந்தக் குரலுக்குள் குடியிருந்தவள். அதன் மேல்தளமும் கீழ்த்தளமும் அவளுக்குத் தெரியும். "இடது" என்ற சொல் இப்போது இரண்டாகப் பிளந்து வந்தது. ஒரு பாதி சத்தம், ஒரு பாதி வெறும் காற்று. அடுத்த முறை சத்தம் பாதிக்கும் குறைவு. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் மேவ் மூச்சை இழுக்கும்போது, ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு ஓசை. இருபது அடி தூரத்திலும் அது அந்தத் தாயின் காதில் விழுந்தது. தான் கேட்டு வாங்கியது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நோரீன் எழுந்தாள். கம்பளி காலடியில் விழுந்தது.

"மேவ்! போதும்!"

மேவ் திரும்பவில்லை. "பின்... பின்னா..."

"போதும்டி! வாயை மூடு! நான்தாண்டி சொல்றேன், உன் அம்மா சொல்றேன்! வாயை மூடு!"

காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று அந்தக் குரல். நடுவர் ஒருத்தி ஓடிக்கொண்டே தலையைத் திருப்பி முறைத்தாள். பெற்றோர் வரிசை முழுக்கத் திரும்பியது. கோலின் வாயில் நின்ற மேவின் தோள்கள் சட்டென்று கீழே இறங்கின. பல வருடமாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ யாரோ வந்து வாங்கிக்கொண்டது போல. போதும் என்ற சொல்லை அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. டாக்டர்கூட, கூடாது என்றுதான் சொன்னார்.

அவள் வாயை மூடினாள்.

மீதி நேரத்தில் ஷெல்பி தொண்டை கிழியக் கத்தினாள். மேவ் ஒரு பந்தைத் தொடையிலும் ஒன்றைத் தோளிலும் வாங்கித் தடுத்தாள். ஐம்பது விநாடி இருக்கும்போது பந்து பின்னால் போயிற்று. ஷெல்பி திரும்பினாள். இந்த முறை சரியாகவே சொன்னாள். ஆனால் சரியா தவறா என்று தனக்கே சந்தேகம் வந்து ஒரு மூச்சு தாமதித்துச் சொன்னாள். அந்த ஒரு மூச்சு போதுமாக இருந்தது. பத்துக்கு ஒன்பது. கடைசிச் சங்கு ஊதியது.

ஷெல்பி புல்லில் மண்டியிட்டு அழுதாள். மேவ் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு போய் அவளைத் தூக்கி நிறுத்தி, அவள் முகத்திலிருந்த சேற்றைக் கையுறையால் துடைத்தாள். இன்னும் கொஞ்சம் சேறு ஒட்டியதுதான் மிச்சம். ஷெல்பி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

"எருமைன்னு சொல்லுடி. ஒரு தடவ சொல்லிடு, மனசு ஆறும்."

மேவ் தலையை ஆட்டி மறுத்தாள்.

எல்லைக் கயிற்றருகே யாரோ ஒரு பெண்ணின் தகப்பன் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தம்மா நடுவுல கத்தலேன்னா ஜெயிச்சிருப்போம்." மெதுவாகத்தான் சொன்னார். எந்தக் காதுக்குப் பக்கத்தில் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஆமாங்க," என்றாள் நோரீன், அவர் இருந்த திசையைச் சரியாகப் பார்த்து. "தோத்தது என்னாலதான். பேரு நோரீன் ஹாலரன். வீட்டுல போய் எல்லாருக்கும் சொல்லுங்க."

அவர் தன் காபிக் குவளையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

கோச் பட்டலியா வந்தாள். மேவின் முன்னால் நின்று, எதையோ தேடுவது போலத் தன் விசில் கயிற்றை விரலில் சுற்றினாள்.

"நான் நிறுத்தியிருக்கணும்," என்றாள். "ரெண்டு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. ஒன்பதுக்கு ஒன்பதுன்னு போர்டு சொல்லுச்சு, முழுங்கிட்டேன். உங்கம்மா முழுங்கல." பிறகு நோரீனின் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்கத்தான் திரும்பினாள். நோரீனின் கையை எடுத்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

மேவுக்குக் கார் ஓட்டத் தெம்பு இல்லை. அவளுடைய வண்டி கல்லூரியிலேயே கிடக்கட்டும் என்று வெர்ன் சைகை காட்டினார். பிக்கப்பின் ஒற்றை நீள இருக்கையில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். வெர்ன் ஓட்ட, நடுவில் மேவ், ஜன்னலோரம் நோரீன். ஹீட்டர் ஈரக் காலுறை வாசனையைக் கிளப்பியது.

கல்லூரி வாசலைத் தாண்டினார்கள். பிறகு நோரீன் தன் கையுறையைக் கழற்றி, துழாவி, மகளின் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள். தோல் கொதித்தது.

"நான் கேட்டது இந்தச் சத்தம் இல்லடி," என்றாள். "எனக்கு என்ன கேட்டேன்னே தெரியல. என் ஞாபகத்துல இருந்த சத்தத்தைக் கேட்டேன். இந்தத் தொண்டைய நினைக்கல."

மேவ் விழுங்கினாள். அம்மாவின் கைக்குக் கீழே அது ஏறி இறங்கியது.

"திரும்ப முதல் வாரத்துலேர்ந்து ஆரம்பிக்கணுமா?"

மேவ் தலையசைத்தாள். அசைவு உள்ளங்கைக்குத் தெரிந்தது.

"கத்தி வைப்பாங்களா?"

மேவ் தோளைக் குலுக்கினாள். அதுவும் தெரிந்தது.

நோரீன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழமாட்டாள். இந்த வீட்டில் அழுவதென்றால் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுவதுதான் வழக்கம் என்று அவளுக்குத் தெரியும்; நேற்று அந்தக் குழாய்ச் சத்தம் அரைமணி நேரம் கேட்டதும் அவளுக்குத் தெரியும்.

"நேத்து நான் சொன்னேனே, உனக்கு நிம்மதியா இருக்குன்னு. குத்தம் சொல்றதுக்காகச் சொன்னேன். அது குத்தமில்ல. தூங்கு. இனிமே யாருக்கு எது எங்க இருக்குன்னு தெரியலையோ, அவங்களே தேடிக்கட்டும். நானும்தான்."

மேவ் அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். கண்கள் தாமாக மூடின. உடம்பில் வலிக்காத இடம் ஒன்றும் இல்லை, ஆனால் வலி எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ நடப்பது போலிருந்தது.

"இப்ப பாலம் வரும் பாரு," என்றாள் நோரீன், தனக்குத்தானே, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "பாலம் தாண்டினா சர்ச். அப்புறம் நம்ம வளைவு."

பாலம் எப்போதோ போய்விட்டது. சர்ச்சும் போய்விட்டது. வெர்னுக்கு அவள் பேசியது கேட்கவில்லை. மேவுக்குக் கேட்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை, விரலால்கூடத் தட்டவில்லை. வண்டி வீட்டு வளைவில் திரும்பும்வரை, அம்மா தன் பாலத்துக்காகக் காத்துக்கொண்டே வரட்டும் என்று விட்டுவிட்டாள்.